பூசைக்கு நிறுத்திய சேர்வர்

சேர்வரை நிறுத்திவிட்டுப் பூசை வைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தி தொலைபேசியில் வந்தபோது நான் லண்டனில், ரொம்ஃபேர்ட்டில், ஒரு பல் வைத்தியரின் பிரிண்டரைத் திருத்திக்கொண்டு முழங்காலில் இருந்தேன். எழும்பிவிட்டேன். நிறுத்தியவர் சின்னப்பிள்ளை இல்லை. வழக்கறிஞர், நீதிபதிக்கு முன்னால் நின்று வாதாடுகிற மனிதர். "தங்கச்சி, நேற்றுப் பூசைக்கு ஓஃப் பண்ணினது, இண்டைக்கு ஓனாகுதில்லை" என்று ஏதோ வீட்டு மின்விசிறியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏனண்ணை நிப்பாட்டினனீங்கள்?"

"ஆயுத பூசையல்லோ. ஆயுதத்தைக் கீழை வைக்கவேண்டாமே? அதுவும் பாவம், வருஷக்கணக்கா ஓயாமல் ஓடுது. ஒரு நாளைக்கு ஓயட்டும் எண்டு நினைச்சன்."

பாவமாம். அந்தப் பெட்டிக்கு வயது பன்னிரண்டு. எங்கள் தொழிலில் அது கிழடு. கிழட்டு சேர்வரை ஓடவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தி ஒரு இரவு குளிரவிட்டால் எழும்புமா எழும்பாதா என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரும் ஒவ்வொரு தடவையும் "ஓம், ஓம்" என்று தலையாட்டியிருக்கிறார்.

செவன் கிங்ஸில், கடைத்தெருவில், முடி வெட்டுகிற சலூனுக்கு அடுத்த கதவுதான் அவருடைய அலுவலகம். அகதி வழக்குகளும் விசா வழக்குகளும் பார்க்கிறார். அலுவலகத்தின் கோப்புகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிற பெரிய கொம்பியூட்டரான அந்த சேர்வரை அங்கே வாங்கி வைத்துக் கொடுத்தது நான். மாதம் ஒருதடவை போய்ப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால், "நல்லாத்தானே ஓடுது, தேவையெண்டால் கூப்பிடுறன்" என்று அந்த வருகையை நிறுத்திவிட்டார். அன்றைக்கே நானும் கைகழுவியிருக்க வேண்டும். ஆனால் என் தம்பியின் வழக்கை நாலு வருடம் விடாமல் பிடித்து நடத்தி அவனை இந்த நாட்டில் இருக்கவைத்தவர் அவர். அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க என்னால் ஏலாது. அவர்மேல் வருகிற கோபம் இரட்டிப்பாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

"இன்னொண்டு தங்கச்சி." குரலை இறக்கினார். "ஒரு கேஸின்ரை பண்டில் இண்டைக்கு நாலு மணிக்கு முதல் அனுப்பவேணும்."

பண்டில் என்றால் மேன்முறையீட்டுக்கான ஆவணத்தொகுப்பு. வாக்குமூலம், வைத்தியரின் அறிக்கை, கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். அந்த வழக்குக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. இனித் தரமாட்டோம் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. நாலு மணி தாண்டினால் வழக்குக்கார மனிதனுடைய பக்கத்தில் ஒரு காகிதமும் இல்லாமல் வழக்கு நடக்கும். தோற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள்; அங்கே என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

"எல்லாம் சேர்வரிலையோ?"

"எல்லாம் அதிலைதான்."

பல் வைத்தியரின் பிரிண்டரை அப்படியே பிரித்தபடி விட்டுவிட்டு ரயில் ஏறினேன். பத்து மணிக்கு அலுவலகக் கதவைத் தள்ளினால் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. வரவேற்பு மேசையில் நேற்றைய கடலையும் அவலும் ஒரு தட்டில் மூடி வைத்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருக்கிற அம்மா யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்தவர். இங்கே தொலைபேசி எடுப்பது, ஸ்கேன் பண்ணுவது, கோப்புக் கட்டுவது எல்லாம் அவர்தான். என்னைக் கண்டதும், "பிள்ளை, முதலிலை ஒரு வாய் அவல் சாப்பிடும்" என்றார்.

"அவலோ? விசரோ உங்களுக்கு?" என்றேன். பாவம், அவரை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் அன்றைக்கு நான் அந்த வாசலை மிதித்ததிலிருந்து கண்ணில் பட்ட எல்லாரையும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

காத்திருக்கிற கதிரையில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். குளிர்ச்சட்டைக்குள்ளே ஹோட்டலில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் போடுகிற நீலச் சட்டை தெரிந்தது. மடியில் ஒரு கனத்த பை. வழக்கு அவளுடைய கணவனுடையது என்று அந்த அம்மா காதுக்குள் சொன்னார். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார்கள். அவள் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் ஷிப்ட் முடித்துவிட்டு, லண்டனின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வந்திருக்கிறாள். கணவன் வரவில்லை. அலுவலகம், மேசை, கேள்வி என்றாலே அவருக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடுமாம். இரண்டு வாரத்துக்கு ஒருதடவை குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போவதற்கே முதல்நாள் முழுக்கச் சாப்பிடமாட்டாராம்.

நான் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

சேர்வர் இருப்பது குசினிக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறையில். ஹீட்டர் கிடையாது, ஐப்பசிக் குளிர் சுவரில் ஊறிக்கிடந்தது. பெட்டியைப் பார்த்தேன். மாலை போட்டிருந்தது. மேலே மூன்று விரல் திருநீறு. முன்முகத்தில் குங்குமம், ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு, ஈரம் காய்ந்த பூவிதழ்கள். காற்று உறிஞ்சுகிற துவாரத்தில் ஊதுபத்திச் சாம்பல். மேலே வாழைப்பழத் தோல் ஒன்றுகூடக் கிடந்தது. வழக்கறிஞர் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"எப்பிடி நிப்பாட்டினனீங்கள்? கொம்பியூட்டரிலை சொல்லி ஒழுங்கா நிப்பாட்டினனீங்களோ?"

"பட்டனை அமத்திப் பிடிச்சனான். கொஞ்ச நேரத்திலை சத்தம் அடங்கிட்டுது."

"கழுத்தை நெரிச்சிருக்கிறியள்" என்றேன். அவர் தன் அறைக்குள் போய்விட்டார்.

கோபத்தில் கை நடுங்கினால் என் வேலையைச் செய்ய முடியாது. அதனால் கோபத்தை வாய்க்குக் கொடுத்துவிட்டுக் கையை அமைதியாக வைத்திருக்கப் பழகிவிட்டேன். வாய் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருக்கும், கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். மின்சாரம் வரவில்லை என்றால் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். குசினியிலிருந்து கேத்திலைக் கொண்டுவந்து அதே சொக்கெற்றில் செருகினேன். தண்ணீர் கொதித்தது. சுவரில் பிழையில்லை. கொதித்த தண்ணீரில் அந்த அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். பிளக்கைக் கழற்றி உள்ளேயிருந்த ஃபியூஸை மாற்றினேன். மாற்றமில்லை. வயரை மாற்றினேன். மாற்றமில்லை.

அடுத்தது யூபிஎஸ். மின்சாரம் திடீரென்று போனால் சில நிமிடம் தாங்கிப்பிடிக்கிற பற்றரிப் பெட்டி. அதைத் திறந்தால் பற்றரி வீங்கி, உள்ளேயே இறுகிக் கிடந்தது. அது செத்து ஒரு வருடமாவது இருக்கும். யாரோ அதைத் தவிர்த்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் சேர்வரைச் செருகியிருந்தார்கள். அதே வயரில் பூசைக்குப் போட்ட சின்ன மின்விளக்குச் சரமும் செருகியிருந்தது. நான் உரத்துக் கேட்டேன், இந்த வேலையைச் செய்தது யார் என்று. விளக்குச் சரத்தைப் பிடுங்கி ஓரமாக எறிந்தேன்.

சேர்வருக்குப் பின்னால் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கிப் பெட்டிக்குள் பிரித்துக் கொடுப்பவை. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும் என்பதற்காகத்தான் இரண்டு. முதலாவதை இழுத்து வெளியே எடுத்தேன். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் எரிந்த வாசனைகூட இல்லை. அந்த வாசனையும் போய்விடுகிற அளவுக்குப் பழைய சாவு. இரண்டாவதைச் செருகி பட்டனை அமத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றியது. நின்றது. மறுபடி அமத்தினேன். டிக். அரைச் சுற்று. நின்றது.

அதாவது இந்தப் பெட்டி பல மாதமாக ஒற்றைக் காலில் நின்று ஓடியிருக்கிறது. இந்த மனிதர் நேற்று அந்தக் காலையும் மடக்கிப் படுக்கவைத்திருக்கிறார்.

"வருமோ அக்கா?" என்று வாசலில் குரல். அந்தப் பெண் பையை அணைத்தபடி நின்றாள்.

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அவர் போனடிச்சுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அனுப்பியாச்சு எண்டு சொல்லட்டோ?"

"பொய் சொல்லாதேங்கோ" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள்.

பாரத்தைக் குறைத்தால் எழும்புமோ என்று பார்த்தேன். நாலு ஹார்ட் டிஸ்க்கையும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மார்க்கரால் எழுதிக் கழற்றினேன். வரிசை மாறினால் எல்லாம் போய்விடும். பாதி மெமரியைக் கழற்றினேன். தேவையில்லாத கார்டைக் கழற்றினேன். பவர் சப்ளையை இந்தக் குழியிலிருந்து அந்தக் குழிக்கு மாற்றினேன். டிக், அரைச் சுற்று. பிழை அந்த ஒரு பொருளில்தான். நேரம் பன்னிரண்டரை.

"பாக்கப் எங்கை?" என்று வழக்கறிஞரின் அறைக்குள் போய்க் கேட்டேன். இழுப்பறையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்த வெளி டிஸ்க்கை எடுத்து நீட்டினார். என் லாப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். மார்ச் மாதத்திலேயே நிரம்பி நின்றுபோயிருந்தது. இந்த வழக்கின் காகிதங்கள் எல்லாம் கோடையிலிருந்து சேர்த்தவை. நிரம்பிவிட்டது, நிரம்பிவிட்டது என்று அது ஒவ்வொரு வாரமும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கும். அதை ஒருவரும் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"எத்தினை தரம் சொன்னனான், இதையெல்லாம் வெளியிலை கிளவுட்டிலை வையுங்கோ எண்டு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல்தடவையாக அவருக்கும் கோபம் வந்தது. "எங்கடை சனம் என்னை நம்பித் தந்த கதையளை முகம் தெரியாதவன்ரை பெட்டியிலை வைக்கச் சொல்லுறியளோ? ஆருக்கு என்ன நடந்தது, ஆர் காட்டிக் குடுத்தது, ஊரிலை இன்னும் ஆர் இருக்கினம், எல்லாம் அதிலை கிடக்கு. இஞ்சை, என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்."

அந்தப் பயம் எனக்கும் தெரியாததல்ல. ஆனால் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறவர் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டாமா? "வைச்சிருங்கோ அண்ணை, மாலை போட்டு வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணின் பையிலிருந்த மூலப் பிரதிகளை அந்த அம்மா மறுபடி ஸ்கேன் பண்ணத் தொடங்கியிருந்தார். முக்கியமான இரண்டு அதில் இல்லை. கையெழுத்து வைத்த வாக்குமூலம் இல்லை. உடம்பிலுள்ள காயத் தழும்புகளைப் பற்றி வைத்தியர் எழுதிய அறிக்கை இல்லை. அந்த வைத்தியர் விடுமுறையில் இருந்தார்; அவர் வந்துதான் மறுபடி அனுப்பலாம் என்று அவருடைய அலுவலகம் சொல்லிவிட்டது. வழக்கறிஞர் இன்னொரு தவணை கேட்டு எழுதட்டுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். "என்னெண்டு எழுதப்போறியள்? கொம்பியூட்டருக்குப் பூசை வைச்சது, அதாலை ஏலாது எண்டோ?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

லூயிஷாமில் பழைய சேர்வர்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கிற ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர். அவருக்குப் போன் பண்ணினேன். "ஆமா அக்கா, அந்த மாடல் ஒண்ணு இருக்கு. ஆனா நான் இப்ப பர்மிங்காம்ல இருக்கேன். கடை சாவி எங்கிட்ட. நாளைக்குக் காலைல தர்றேனே?" என்றார். அவரிடமும் கத்தினேன். அவர் எந்தப் பாவமும் அறியாதவர். "அக்கா, என்னைத் திட்டி என்ன பண்றது?" என்று நிதானமாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன்.

டிஸ்க்குகளை வேறு பெட்டியில் போட்டு வாசிக்கலாமே என்று நினைக்கலாம். நாலு டிஸ்க்கிலும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறது. அதே இனத்துப் பெட்டியால்தான் சேர்த்து வாசிக்க முடியும். அந்த இனத்துப் பெட்டியும் லூயிஷாமில் பூட்டிய கடைக்குள்தான் இருந்தது.

ஒன்றரை மணி. சாமான் அறையில் தரையில் குந்தி அந்தப் பவர் சப்ளையை மடியில் வைத்திருந்தேன். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. அப்போதுதான் புத்தி வேலை செய்தது. இதற்குள் கப்பாசிற்றர் என்று சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். உள்ளேயிருக்கிற ஈரம் வருடக்கணக்கில் காய்ந்துகொண்டே போகும். சூட்டோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளிக்கும்; குளிர்ந்துபோனால் எழும்ப வலு இராது. அப்படியென்றால் சூடாக்கிப் பார்த்தால் என்ன? புத்தகத்தில் இருக்கிற வைத்தியம் இல்லை இது. ஆனால் இந்தத் தொழிலில் கிடந்து உழல்கிறவர்கள் ஒருதடவையாவது செய்திருப்பார்கள்.

"பக்கத்துச் சலூனிலை ஹெயர் ட்ரையர் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"இப்ப தலை காயவைக்கிற நேரமோ பிள்ளை?"

"அம்மா, கேள்வி கேக்காமல் போங்கோ!"

சலூன்காரி பஞ்சாபிப் பெண். ஒன்றும் கேட்காமல் தன்னுடைய பெரிய ட்ரையரைத் தந்து அனுப்பினாளாம். இருபது நிமிடம் அந்தப் பவர் சப்ளைக்கு ஒரு பக்கத் துவாரத்தால் சூடான காற்றை ஊதினேன். செருகி அமத்தினேன். டிக். காற்றாடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. அரை முழுதாகியிருக்கிறது. மறுபடி கழற்றி, துவாயால் சுற்றி, இன்னும் அரை மணி நேரம். கை சுட்டது. அந்தப் பெண் வந்து, எதுவும் கேட்காமல், எனக்கு எதிரே தரையில் இருந்து துவாயைப் பிடித்துக்கொண்டாள். ட்ரையரின் சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது.

இரண்டு ஐம்பதுக்கு டிஸ்க்குகளை எண் பார்த்து ஏற்றி, சூடு ஆறமுதல் பவர் சப்ளையைச் செருகி அமத்தினேன். டிக். ஒரு சுற்று. இரண்டு. காற்றாடிகள் எல்லாம் ஒன்றாகக் கூச்சலிட்டன. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நிமிடத்தில்தான் முன்முகத்தை வடிவாகக் கவனித்தேன். அந்தச் சிவப்பு ஒட்டுப்பொட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய செம்மஞ்சள் ஒளி விட்டு விட்டு எரிந்தது. நகத்தால் பொட்டைக் கிளப்பினேன். கீழே எச்சரிக்கை விளக்கு. பெட்டி நலமாக இருந்தால் பச்சை. ஏதாவது செத்தால் செம்மஞ்சளாகக் கண் சிமிட்டும். முதலாவது பவர் சப்ளை செத்த நாளிலிருந்து அது ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் கண்ணில் பொட்டை ஒட்டி மூடியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்ல. அந்தப் பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு வரவேற்பு அறைக்கு நடந்தேன். "ஆர் இதை ஒட்டினது? ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும். இந்த லைற் தெரிஞ்சிருந்தால் எப்பவோ ஒரு போன் அடிச்சிருப்பியள். ஒரு மனுசன்ரை உயிர் நாலு மணிக்குத் தொங்குது. பக்தி எண்டால் கண் தெரியாமல் போகவேணுமோ?" நேற்றுப் பூசை வைத்தவர்கள், நேற்றைக்கு முன்னால் பூசை வைத்தவர்கள், எல்லாரையும் இழுத்துப் பேசினேன். வழக்கறிஞர் தன் அறை வாசலில் வந்து நின்றார்.

அந்த அம்மா ஸ்கேனரிலிருந்து திரும்பினார். வகுப்பில் ஒரு பிள்ளை எல்லை மீறிவிட்டால் வாத்தியார்மார் வைத்துக்கொள்கிற முகம். "பிள்ளை, அது நேற்று ஒட்டினது இல்லை. போன வருஷப் பூசைக்கு ஒட்டினது."

"ஆர் ஒட்டினது?"

"நீர்தான்."

தன் போனை எடுத்துத் தடவித் தடவித் தேடி என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். போன வருடம். என்னையும் பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொம்பியூட்டரைக் கொண்டுவந்த ஆள், நீரே பொட்டு வையும் என்று இந்த அம்மாதான் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். ஈரச் சந்தனம் மெஷினுக்குக் கூடாது, இது என்ன அம்மியோ ஆட்டுக்கல்லோ என்று எல்லாருக்கும் முன்னால் நான் ஒரு பிரசங்கம் வைத்தேன். பிறகு கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, ஒன்றை உரித்து, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் ஒட்டினேன். படத்தில் என் கை சேர்வரில் இருக்கிறது. முகம் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒட்டுகிற இடத்தை நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்குப் பச்சையாக இருந்திருக்கும். பிறகு அது நிறம் மாறியதை யாரும் பார்க்க முடியாமல் பண்ணியவள் நான். அவர்களுக்குத் தெரியாது என்பதற்கு மன்னிப்பு உண்டு. அந்த விளக்கு எதற்கென்று அந்தக் கட்டிடத்தில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். காலையிலிருந்து திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் பொருந்தியது. என்மேல் எனக்கு வந்த கோபம் மற்றவர்கள்மேல் வந்ததைவிடக் கேவலமானதாக இருந்தது, ஏனென்றால் அதைக் கத்திக் கொட்ட ஓர் ஆள் இல்லை.

"சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றேன் வழக்கறிஞரிடம். குரல் கீழே போய்விட்டது.

"நீங்கள் எங்கை தங்கச்சி கதைக்க விட்டனீங்கள்?"

திரும்பிப் போய்ச் சேர்வருக்கு முன்னால் குந்தினேன். கழுத்தை நெரித்து நிறுத்தியதால் அது டிஸ்க் முழுவதையும் ஒருதடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்று அடம்பிடித்தது. மூன்று ஐந்து. மூன்று பதினைந்து. திரையில் நூற்றுக்கு எத்தனை என்று எண் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பவர் சப்ளை எந்த நிமிடமும் விழலாம். ட்ரையரைக் கையிலேயே வைத்திருந்தேன். மூன்று இருபத்தெட்டுக்கு சேர்வர் என்னை உள்ளே விட்டது. முதல் வேலையாக அந்த வழக்கின் கோப்பை மட்டும் என் லாப்டொப்புக்கு இழுத்தேன். கடைசித் தாள் வந்து சேரும்வரை ட்ரையரைக் கீழே வைக்கவில்லை.

இழுத்த கோப்புகள் பழுதில்லாமல் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாதிக் கோப்பை அனுப்பினால் அனுப்பாததற்குச் சமம். வழக்கறிஞர் நீதிமன்றத் தளத்தைத் திறந்துகொண்டிருந்தார். நான் தாள் தாளாக வேகமாகத் தள்ளினேன். எழுத்தை வாசிக்கவில்லை, தாள் வெள்ளையாக இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வைத்தியரின் அறிக்கை வந்தது. மனித உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டில் வரைந்து, அதில் எண் போட்டிருந்தார்கள். எண்கள் அதிகமாக இருந்தன. அடுத்த தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் விளக்கம். கண்ணைக் கட்டுப்படுத்த நினைத்தேன்; முடியவில்லை. மூன்று வரி வாசித்துவிட்டேன். தாளைத் தள்ளினேன்.

மூன்று ஐம்பத்தொன்றுக்குப் பண்டில் ஏறியது. கிடைத்தது என்று நீதிமன்றத்திலிருந்து பதில் வந்தது. வழக்கறிஞர் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்பாள் காப்பாத்திப்போட்டா" என்றார். காலையில் என்றால் அதற்கொரு சண்டை போட்டிருப்பேன். "நாளைக்கு வேறை பெட்டி வரும் அண்ணை. அதுவரைக்கும் இதைத் தொடாதேங்கோ. நான் இஞ்சையிருந்து எல்லாத்தையும் பிரதி எடுக்கப்போறன்" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அவல் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அந்தப் பெண் கணவனுக்குப் போன் பண்ணி, "அனுப்பியாச்சு, உண்மையாத்தான், அனுப்பியாச்சு" என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு சாமான் அறைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்கள் நல்லாயிருக்கவேணும், கடவுள் மாதிரி வந்தீங்கள் என்றாள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ஏலவில்லை.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. நான் ஒட்டின பொட்டாலைதான் இவ்வளவும். லைற்றை மறைச்சது நான்தான்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அக்கா, அந்தத் தாளெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்தனீங்கள். டொக்டர் எழுதினதை வாசிச்சனீங்களோ?"

"இல்லை" என்றேன். "வடிவாத் திறக்குதோ எண்டு மட்டும் பாத்தனான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாசிச்சிருந்தாலும் வாசிக்கேல்லை எண்டே இருங்கோ. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அதைப் பாக்கக்கூடாது எண்டுதான் அவர் வெள்ளைக்கார டொக்டரைக் கேட்டவர். வாசிச்சனீங்கள் எண்டு தெரிஞ்சு எங்கையாவது கோயிலிலை உங்களைக் கண்டால் அவராலை தாங்க ஏலாது." பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நானும் வாசிச்சுப்போட்டு அப்பிடித்தான் இருக்கிறன். அவருக்குத் தெரியாது."

அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவள் போனாள். நான் சேர்வருக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, பிரதி ஏறி முடியும்வரை, அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.